என் மனுவில் டைரக்டரின் கையெழுத்து

சென்ற மாதம் எங்கள் பழைய ஆபீஸின் வாட்ஸ்அப் குழுவில் திவ்யா என்ற பெண் ஒரு செய்தி போட்டிருந்தாள். மூன்று வருடமாக அங்கே ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவள். இப்போது நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். "எஸ்தர் மேடம், நீங்க டெம்பரரியிலேர்ந்து பெர்மனென்ட் ஆனப்போ எழுதின கவரிங் லெட்டர் காப்பி இருக்கா? ஒரு மாடலுக்கு." கூடவே கை கூப்பும் பொம்மை மூன்று.

அதைப் படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். காப்பி இருக்கிறது. ஆனால் அதை மாதிரியாக வைத்துக்கொண்டு எழுதினால் அந்தப் பெண்ணின் கதி அதோகதிதான். அந்தக் கடிதத்தின்படி குமாஸ்தா வேலைக்கு மனுப்போட்டது நான் அல்ல, எங்கள் டைரக்டர். இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் விளக்க முடியாது. அங்கே நாலு வரிக்கு மேல் எழுதினால் ஒருவரும் படிப்பதில்லை, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஆரியசாலைக்காரி, மலையாள நாட்டுத் தமிழச்சி. முழுப் பெயர் எஸ்தர் தங்கம். மிளகாய் வற்றல் மொத்தக் கடைகளுக்குப் பின்னால் ஓடுகிற சந்தில் எங்கள் வீடு. அந்தச் சந்தில் யார் தும்மினாலும் யாரும் 'நூறாயுசு' சொல்வதில்லை. சொல்ல ஆரம்பித்தால் வேறு வேலை பார்க்க நேரம் இருக்காது. அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார், நானும் அம்மாவும்தான். டைப்ரைட்டிங்கில் இங்கிலீஷ் லோயர், ஹையர், மலையாளம் லோயர். பிறகு எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிவு. பிறகு பத்து வருடம் காத்திருப்பு. படிப்பையும் காத்திருப்பையும் பற்றிச் சொல்ல என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. முப்பத்திரண்டாவது வயதில் வேலைக்கு அழைக்கும் கார்டு வந்தது.

வேலை கிடைத்த இடம் அரசு மானியத்தில் நடக்கிற ஒரு ஆராய்ச்சி நிறுவனம். பெயர் வேண்டாம். மண்ணைப் பற்றி ஆராய்கிற இடம். மாவட்டம் மாவட்டமாகப் பொட்டலத்தில் மண் வரும். எண் போட்டு அலமாரியில் அடுக்குவார்கள். இடம் போதாமல் போனால் பழைய மண்ணைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் கொட்டுவார்கள். அந்தக் குவியலில் வாழை வைத்திருந்தார்கள்; குலை தள்ளியபோது பார்க்க வேண்டும். அதைத் தவிர அங்கே என்ன கண்டுபிடித்தார்கள் என்று இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தும் எனக்குத் தெரியாது.

அப்போது இங்கே தற்காலிகமாக எடுக்கிறவர்களுக்கு நூற்றியெழுபத்தொன்பது நாள்தான் ஆயுள். நூற்றியெண்பதைத் தொட்டால் ஆள் உரிமை பேச ஆரம்பித்துவிடும் என்று யாரோ பயந்து வைத்த எண் அது. நூற்றியெண்பதாம் நாள் ஆபீஸ் வாசலை மிதிக்கக் கூடாது. மறுநாள் புது உத்தரவு, புது ஜாயினிங் ரிப்போர்ட், மறுபடி முதலிலிருந்து. எங்களுக்குப் பெயரே நூற்றியெழுபத்தொன்பதுதான். கேன்டீனில் "அந்த நூத்தியெழுபத்தொம்பதுக்கு ஒரு சாயா" என்றுதான் சொல்வார்கள். நான் இப்படி நாலு தடவை செத்துப் பிறந்து ஐந்தாவது பிறவியில் இருந்தேன்.

என் நாற்காலிக்குச் சொந்தக்காரர் மஸ்கட்டில் இருந்தார். சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு வளைகுடாவுக்குப் போவது இங்கே எல்லா ஆபீஸிலும் உள்ள வழக்கம். ஆள் அங்கே, நாற்காலி இங்கே, நாற்காலியில் என்னைப்போல ஒரு தற்காலிகம். அவருடைய குடை என் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது, நான் தொட்டதில்லை. ஒருநாள் அவர் ராஜினாமாவை அனுப்பிவிட்டார். இடம் காலியானது. இருக்கிற ஆளையே நிரந்தரமாக்கலாம், அரசு சம்மதித்தால் போதும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு வயது வரம்பு தாண்ட இரண்டு மாதமே மிச்சம். ஒரே ஆளுக்கு ஆறாவது தடவை நூற்றியெழுபத்தொன்பது கொடுக்கக் கூடாது என்றும் புது உத்தரவு வந்திருந்தது. ஆக, இந்தப் பிறவியிலேயே நிரந்தரமாக வேண்டும். இல்லாவிட்டால் சந்துக்குள் போய் மிளகாய்க்குக் காம்பு கிள்ள வேண்டியதுதான்.

எங்கள் பிரிவின் சூப்பிரண்டு ஹரிஹரன் சார். ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்துக்காரர். ஒல்லியாக, வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக இருப்பார். எந்தக் கடிதத்தையும் உட்கார்ந்து படிக்க மாட்டார். எழுந்து ஜன்னலோரம் போய் நின்று, வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி உரக்க வாசிப்பார். வாசிக்கும்போது எந்த இடத்தில் அவருக்கு மூச்சு வாங்குகிறதோ அந்த இடத்தில் வாக்கியத்தை வெட்டிவிடுவார். "கடுதாசி எழுதறவா வேற, வாசிக்கறவா வேற. வாசிக்கறவாளுக்கும் நுரையீரல் இருக்கு, கேட்டோ" என்பார்.

அவருடைய இன்னொரு வழக்கம் 'பேசுக'. கோப்பில் ஏதாவது சந்தேகம் வந்தால் ஓரத்தில் 'பேசுக' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டு அனுப்புவார். பெரிய ஆபீஸ்களில் மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு அப்படி எழுதுவது சரி. இவருக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு மேஜை. அவர் எழுதிய கோப்பைப் பியூன் சுகுமாரன் சேட்டன் எடுத்து, வராந்தா வழியாக ஒரு சுற்றுச் சுற்றி என்னிடம் கொண்டுவந்து வைப்பார். நான் திறந்து 'பேசுக' பார்த்து, எழுந்து, மேஜையைச் சுற்றிப் போய் அவர் முன்னால் நிற்பேன்.

"என்ன தங்கம்?" என்பார், என்னை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறவர்போல.

"பேசச் சொல்லி எழுதியிருக்கீங்க சார்."

"ஆமா. பேசணும். உட்காரு."

டைரக்டர் பணிக்கர் சார் நேர்மாறு. அவர் எதையுமே வாசிக்க மாட்டார். மண் விஞ்ஞானி. மேஜைமேல் பத்துப் பொட்டலம் மண் இருக்கும். கிள்ளி முகர்ந்து பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். எங்கள் ஆபீஸிலிருந்து போகிற எல்லாக் கடிதத்துக்கும் அடியில் 'ஃபார் டைரக்டர்' என்று அடித்திருக்கும். அவர் ஊரில் இல்லாவிட்டால் ஹரிஹரன் சார் அவருக்காகக் கையெழுத்திடுவார். இருந்தால், அந்த 'ஃபார்' என்பதை மட்டும் பச்சை மையால் அடித்துவிட்டு அவரே கையெழுத்திடுவார். ஒரு நாளைக்கு முப்பது கடிதம் என்றால் முப்பது 'ஃபார்' அடிபடும். கோயம்புத்தூரில் படித்தவர் என்பதால் என்னோடு தமிழில்தான் பேசுவார், அதாவது அவர் தமிழ் என்று நம்புகிற ஒன்றில்.

அவருக்கும் ஒரு சங்கடம் இருந்தது. மூன்றரை வருடமாக அவர் டைரக்டர் அல்ல, டைரக்டர் இன் சார்ஜ். அறைக் கதவில் பெயர்ப்பலகையில் அடைப்புக்குறிக்குள் அந்த 'இன் சார்ஜ்' இருந்தது. எங்களைவிடப் பெரிய அறையில் இருந்த நூற்றியெழுபத்தொன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி யாரும் அவரிடம் பேசுவதில்லை.

இனி கவரிங் லெட்டர். தனி விண்ணப்பப் படிவம் கிடையாது; ஏழு சான்றிதழ் நகல்களை இணைத்து, மேலே நான் ஒரு கவரிங் லெட்டர் வைக்க வேண்டும். அதை ஹரிஹரன் சார் டைரக்டர் வழியாகச் செயலகத்துக்கு அனுப்புவார். "நாலு வரி போறும். அஞ்சாவது வரி வந்தாச்சுன்னா உள்ளே சரக்கு இல்லேன்னு அவாளுக்குத் தெரிஞ்சுடும்" என்று சொல்லிவிட்டுக் கோயில் உற்சவத்துக்காக இரண்டு நாள் லீவில் போனார்.

நாலு வரியில் நிறுத்தியிருக்கலாம். வீட்டில் அம்மா விட்டால்தானே. "ஏட்டி, ஒத்தக்கொரு பிள்ள, இன்னும் கெட்டிக் குடுக்கல்லன்னு எழுது. அவியளுக்கு மனசு எளகும்" என்றாள். சபைப் பாஸ்டர் தன் பங்குக்கு நன்னடத்தைச் சான்றிதழோடு ஒரு யோசனையும் தந்தார்: ஞாயிறு பள்ளியில் நான் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதையும் குறிப்பிட வேண்டுமாம். எக்ஸ்சேஞ்ச் கார்டு எண், நூற்றியெழுபத்தொன்பது நாளாக நாலு தடவை போய் வந்த கதை, டைப்ரைட்டிங் லோயர் ஹையர், விதவைத் தாயாருக்கு நான் ஒருத்தியே துணை என்பது எல்லாம் சேர்ந்து கடிதம் ஒன்றரைப் பக்கம் வந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் மெஷினில் உட்கார்ந்து அடித்தேன். அழுகை வருகிற மாதிரி அடித்தேன் என்றே சொல்லலாம். 'பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்' வரைக்கும் அடித்துவிட்டு, கீழே நாலு வரி இடம் விட்டு, என் விரல்கள் இரண்டரை வருடமாக எதை அடித்துப் பழகியிருந்தனவோ அதை அடித்தன. ஃபார் டைரக்டர். நான் பார்க்கவே இல்லை. கண் கலங்கியிருந்தால் எப்படிப் பார்ப்பது?

ஏழாவது சான்றிதழ் நகலுக்கு மட்டும் அதிகாரி கையொப்பம் வாங்க வேண்டியிருந்தது. வந்து கையெழுத்துப் போடலாம் என்று கடிதத்தையும் ஆறு நகல்களையும் மேஜைமேல் வைத்து, மேலே பேப்பர் வெயிட்டும் வைத்துவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தபோது பேப்பர் வெயிட் மட்டும் இருந்தது.

"சேட்டா, இங்கே இருந்த லெட்டர் எங்கே?"

"அது போயி. டைரக்டர் சார் கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு, ஞான் தன்னே சைக்கிள்ல கொண்டுபோய்ச் செயலகத்தில் குடுத்தாச்சு" என்றார் சுகுமாரன் சேட்டன், பாராட்டை எதிர்பார்த்து. "மோள் எப்பவும் சொல்லும் அல்லே, டைரக்டர்னு போட்டிருந்தா உடனே கையெழுத்துப் பேட்டில் வைக்கணும்னு."

டைரக்டர் மேலொப்பம் போட்டு அனுப்பிவிட்டார் என்று நான் புரிந்துகொண்டேன். எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. நான் கையெழுத்தே போடவில்லையே, கையெழுத்தில்லாத மனுவைக் குப்பையில் போடுவார்களே என்று பதினைந்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஹரிஹரன் சார் கேட்டபோது போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். கார்பன் நகலை எடுத்து ஒரு தடவை பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். பார்க்கத் தைரியம் இல்லை.

பதினாறாம் நாள் செயலகத்திலிருந்து பதில் வந்தது. வருகிற தபாலைப் பிரித்து எண் போடுவது என் வேலை. பிரித்தேன். பொருள் வரிக்கு மேல் படிக்கவில்லை. எண் போட்டு, கோப்பில் வைத்து, சுகுமாரன் சேட்டனிடம் கொடுத்தேன். அவர் வராந்தாவைச் சுற்றிக்கொண்டுபோய் ஹரிஹரன் சார் மேஜையில் வைத்தார்.

சார் எழுந்து ஜன்னலோரம் போனார். வாசிக்க ஆரம்பித்தார்.

"பொருள். டைரக்டர், இன் சார்ஜ், அவர்கள் தம்மைக் குமாஸ்தா பணியில் நிரந்தரமாக்கக் கோருவது. சில விளக்கங்கள் கேட்பது தொடர்பாக."

நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். செயலகத்துக்காரர்கள் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். டைரக்டர் அவர்கள் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் தேறியிருப்பதாகச் சொல்கிறார். டைரக்டர் பதவிக்கு அந்தத் தகுதி தேவையில்லையாயினும் சான்றிதழின் நகலை அனுப்பவும். டைரக்டர் அவர்கள் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் மூலம் நூற்றியெழுபத்தொன்பது நாளுக்கு நியமிக்கப்பட்டது எந்தச் சூழ்நிலையில் என்று தெரிவிக்கவும். டைரக்டர் அவர்கள் தம்மைத் திருமணமாகாத ஒரே மகள் என்று குறிப்பிடுகிறார். பணிப் பதிவேட்டில் மனைவியின் பெயர் காணப்படுகிறது. எது சரி என்று தெளிவுபடுத்தவும். டைரக்டர் அவர்கள் ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதற்கு முன் அனுமதி பெற்றாரா என்றும் தெரிவிக்கவும். ஏழு இணைப்புகள் என்று எழுதியிருக்கிறது, ஆறுதான் இருக்கிறது.

ஹரிஹரன் சாருக்கு மூச்சு வாங்கவே இல்லை. முழுவதையும் ஒரே வீச்சில் வாசித்தார். பிறகு உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். கோப்பின் ஓரத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, சுகுமாரன் சேட்டனிடம் நீட்டினார். கோப்பு வராந்தாவைச் சுற்றிவிட்டு என்னிடம் வந்தது. திறந்தேன். பேசுக.

எழுந்து போய் நின்றேன். அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கார்பன் நகலை வாங்கிப் பார்த்தார்.

"ஒன்றரைப் பக்கம்" என்றார். "நாலு வரின்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க சார்."

"நாலு வரி எழுதியிருந்தா டைரக்டருக்குக் கல்யாணம் ஆகலேன்னு வந்திருக்குமோ?"

அவ்வளவுதான் திட்டினார். பிறகுதான் முகம் மாறியது. "தங்கம், இதை நான் விளையாட்டாச் சொல்லலே. தன் மனுவிலே மேலதிகாரி கையெழுத்தை வாங்கிண்டதுன்னு இதை எழுதலாம். எழுதினா உனக்கு மெமோ. மெமோ வாங்கின டெம்பரரியைப் பெர்மனென்ட் ஆக்கறதுன்னு நான் இந்த முப்பது வருஷத்திலே கேள்விப்பட்டதில்லே. என்ன பண்றதுன்னு டைரக்டர்தான் சொல்லணும். வா."

டைரக்டர் அறைக்குப் போனோம். அவர் ஒரு செம்மண் பொட்டலத்தை முகர்ந்துகொண்டிருந்தார். ஹரிஹரன் சார் உள்ளே போய் நின்று, இங்கே ஜன்னல் தள்ளி இருந்ததால் நின்ற இடத்திலேயே வாசித்தார். 'திருமணமாகாத ஒரே மகள்' வந்தபோது பணிக்கர் சார் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"ஹரிஹரா, இது எந்தா? என் பாரியா இதைப் பார்த்தால் என்ன விசாரிக்கும்?" என்றார். பாரியா என்றால் மனைவி, விசாரிப்பது என்றால் நினைப்பது.

ஹரிஹரன் சார் இரண்டு வழி சொன்னார். ஒன்று, எனக்கு மெமோ கொடுத்து, மனுவைத் திரும்பப் பெறுவது. இரண்டு, எர்ராட்டம் அனுப்புவது. அச்சிலோ கடிதத்திலோ பிழை வந்துவிட்டால் ஆபீஸில் அனுப்புகிற திருத்தக் கடிதத்துக்கு அதுதான் பெயர். அதை அவர் அங்கேயே தாளில் எழுதிக் காட்டினார். மேற்படி கடிதத்தின் முடிவில் 'டைரக்டர்' என்று வருகிற இடத்தில் 'எஸ்தர் தங்கம், தற்காலிகக் குமாஸ்தா' என்று வாசிக்கவும். திருமணமாகாத மகளும் டைப்ரைட்டிங்கும் ஞாயிறு பள்ளியும் அவளுடையவையே. ஏழாவது இணைப்பு இத்துடன்.

"மெமோதான் நியாயம்னு சாருக்குத் தோணித்துன்னா அதையும் எழுதித் தரேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

பணிக்கர் சார் கையை நீட்டினார். "அந்த லெட்டர் எவிடே? முதல் லெட்டர்."

நான் கார்பன் நகலைக் கொடுத்தேன். அவர் வாசித்தார். அவர் எதையாவது வாசித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். உதடு அசைய, ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து வாசித்தார். ஒன்றரைப் பக்கத்துக்குக் கால் மணி நேரம் எடுத்தது. எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அம்மா சொன்னது, பாஸ்டர் சொன்னது, எல்லாம் அந்தப் பச்சை மைக்காரர் கண்முன்னால் கிடந்தது.

"இதெல்லாம் உள்ளதா, தங்கம்? நாலு தடவை போயி, நாலு தடவை திரும்ப வந்ததும்?"

"உள்ளதுதான் சார்."

"கேட்க நாணம் ஒன்றும் தோணலையா?"

"கேட்காட்டி வீட்டுக்குப் போகணும் சார். அதைவிட வெட்கம் பரவாயில்லை."

அவர் கதவைப் பார்த்தார். கதவு திறந்திருந்ததால் பெயர்ப்பலகை உள்பக்கம் திரும்பி அவருக்கே தெரிந்தது. "ஞான் மூன்றரை வருஷமாயி இங்கே இருக்குது. ஒரு தடவை கூட வாய் திறந்து கேட்டதில்லை" என்றார். ஹரிஹரன் சார் தரையைப் பார்த்தார்.

"மெமோ யாருக்கு?" என்று அவரே தொடர்ந்தார். "வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது ஞான். அப்போ மெமோ எனக்கு. எனக்கு மெமோ தருவதற்கு இங்கே ஆள் இல்லை. எர்ராட்டம் மதி, ஹரிஹரா."

மதி என்றால் போதும். நான் போய் அடித்தேன். அடியில் என்ன அடிக்கிறோம் என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். தான் தான் அல்ல என்று சொல்லுகிற அந்தக் கடிதத்தில் பணிக்கர் சார் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு ஆறு வாரம் ஒரு சத்தமும் இல்லை. ஐந்தாவது பிறவியின் கடைசி வெள்ளிக்கிழமை நெருங்கியது. வியாழக்கிழமை மத்தியானம் செயலகத்திலிருந்து உறை வந்தது. பிரித்தேன். 'செல்வி எஸ்தர் தங்கத்தை நிரந்தரமாக்கும் உத்தரவு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.' தாளைத் திருப்பினேன். உறைக்குள் கையை விட்டேன். உறையைக் கிழித்து விரித்தேன். உத்தரவு இல்லை. வெறும் கவரிங் லெட்டர் மட்டும் வந்திருந்தது.

ஹரிஹரன் சார் அதை ஜன்னலோரம் நின்று இரண்டு தடவை வாசித்தார். "இணைப்பு காணோம்னு எழுதினா, பதில் வர இன்னும் ரெண்டு வாரம்" என்றார். "நாளைக்கு அஞ்சு மணிக்குள்ளே உத்தரவு கையிலே இல்லேன்னா ஜாயின் பண்ண முடியாது. திங்கட்கிழமை நீ வெளியாள். வெளியாளை எப்படி நிரந்தரமாக்கறதுன்னு கேட்பா." அன்றைக்குக் கோப்பில் அவர் ஒன்றும் எழுதவில்லை. நேராக எழுந்து டைரக்டர் அறைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை பணிக்கர் சார் ஆபீஸுக்கு வரவில்லை. ஸ்கூட்டரில் செயலகத்துக்குப் போயிருக்கிறார் என்று சுகுமாரன் சேட்டன் சொன்னார். பன்னிரண்டு ஆனது, இரண்டு ஆனது. மழை பிடித்துக்கொண்டது. நான் மேஜையைத் துடைத்து, மெஷினுக்கு உறை போட்டு, என் டிபன் பாக்ஸைப் பையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் அம்மாவிடம் என்ன சொல்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாலரை மணிக்கு அவர் வந்தார். தலையிலிருந்து செருப்புவரை நனைந்திருந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். மண் மாதிரி போட்டுவைக்கிற உறை. உள்ளே என் உத்தரவு காய்ந்தபடி இருந்தது.

"பத்து மணிக்குப் போயி. செக்‌ஷன்ல பெஞ்சில் உட்கார்ந்தது" என்றார் மூச்சு வாங்கியபடி. "அவங்க மேஜை மேஜையா தேடி. கடைசியில் வேறொரு உறைக்குள்ளே, வயநாட்டுக்குப் போக வச்சிருந்தாங்க."

ஜாயினிங் ரிப்போர்ட் எழுதினேன். ஹரிஹரன் சார் வாசித்தார். இரண்டு வரி என்பதால் மூச்சு விடவில்லை. நாலு ஐம்பதுக்கு நான் நிரந்தரம். ஒரு துண்டை எடுத்துப் பணிக்கர் சாரிடம் கொடுத்தேன்.

ஹரிஹரன் சார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அதே செக்‌ஷன்லேதானே சாரோட ஃபைலும்? ஏதாவது விசாரிச்சேளா?"

பணிக்கர் சார் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "அவங்களே கேட்டாங்க, சாருக்கு வேறே ஏதாவது வேணுமான்னு. ஞான் இல்லைன்னு சொல்லி."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. முந்தின நாளாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"ஆறரை மணி நேரம் பெஞ்சில உட்கார்ந்து எனக்காகக் கேட்கத் தெரிஞ்சுது, உங்களுக்கு ஒரு வார்த்தை கேட்கத் தெரியலையா சார்? நல்லாயிருக்கு. உட்காருங்க."

ஹரிஹரன் சார் என்னை வெறித்துப் பார்த்தார். சுகுமாரன் சேட்டன் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். பணிக்கர் சார் என் மேஜைக்கு எதிரே இருந்த ஸ்டூலில் ஈரத்தோடு உட்கார்ந்தார். நான் மெஷின் உறையை எடுத்தேன், தாளைச் செருகினேன், நாலே வரி அடித்தேன். இந்த நிறுவனத்தில் மூன்றரை வருடமாகப் பொறுப்பு டைரக்டராக இருக்கிறேன். என்னை அந்தப் பதவியில் நிரந்தரமாக்க வேண்டுகிறேன். கேட்கத் தாமதித்ததற்கு வருந்துகிறேன். இணைப்புகள் மூன்று.

தாளை உருவிக் கொடுத்தேன். அவர் விரல் வைத்து, உதடு அசைய, முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். பச்சைப் பேனாவைத் திறந்தார். போடவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இது என்னோடதுதானே, தங்கம்?"

"உங்களோடதுதான் சார்" என்றேன். "போடுங்க."